காசநோய் மாத்திரை: நேரில் பார்ப்பதா, மிஸ்டு கால் போதுமா?

சாதாரண காசநோய்க்கு 6 மாத சிகிச்சை: முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. பணியாளர் கண்முன் விழுங்கும் டாட்ஸ் முறையில் சந்தேகத்துக்கு இடமில்லை. வாந்தியோ கண் மஞ்சளோ வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் தினக்கூலிக்காரருக்கு மையத்துக்குப் போய்வரவே அரை நாள் கூலி போய்விடுகிறது.

99டாட்ஸ் என்ற மிஸ்டு கால் முறையில், மாத்திரையைப் பிதுக்கினால் உறைக்குப் பின்னால் மறைந்திருக்கும் போன் எண் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மாத்திரை விழுங்கியதாகப் பதிவாகும், செலவில்லை. கோளாறும் இங்கேதான்: போன் கணவர் கையில் இருந்தால் விழுங்கியும் பதிவாகாது, அழைத்துவிட்டு மாத்திரையை எறிந்தாலும் பதிவாகும். சென்னை, வேலூர், மும்பையில் சிறுநீரில் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று சோதித்த ஆய்வில் இரண்டு வகைப் பிழையும் வெளிப்பட்டன.

சொந்த போன் இல்லாத பெண்களுக்கு நேரில் பார்ப்பதே மேல். மற்றவர்களுக்கு மிஸ்டு கால் சரிதான், அழைப்பு நின்ற மறுநாளே பணியாளர் வீடு தேடிப் போனால்.