இரவுக் காவலை யாரிடம் விடுவது? சொந்தக் கண்காணிப்பும் ஒப்படைத்த கண்காணிப்பும்

கோவையில் பம்பு உதிரிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஆலைகளிலும் சேர்த்து 200-க்குச் சற்று மேற்பட்ட கணினிகள், 9 சர்வர்கள். பிரிவில் என்னோடு சேர்த்து 3 பேர். கணினிகளில் யார் நுழைந்தார்கள், என்ன நடந்தது என்பதைக் குறித்து வைக்கும் பாதுகாப்புப் பதிவுகளை ஒன்றரை ஆண்டு நாங்களே, சந்தேகமானதைக் கண்டால் எச்சரிக்கும் வாஸூ (Wazuh) மென்பொருளின் மூலம் கண்காணித்தோம்; பின்னர் இரவு பகலாகக் கண்காணிக்கும் வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். அதற்குப் பத்து மாதங்கள் ஆகின்றன. எங்களைப் போன்ற அளவுள்ள நிறுவனத்துக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் கருத்து.

செலவுக் கணக்கு எல்லோரும் அறிந்ததே. வாஸூ திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. வெளி நிறுவனமோ கணினிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாதந்தோறும் கட்டணம் வாங்குகிறது. கண்டறியும் திறனிலும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

சட்டத்தின் பக்கம் சற்றுக் கவனிக்க வேண்டியது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் (CERT-In) அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பதிவுகளை 180 நாட்கள் சேமித்து வைக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் ஒன்று தெரியவந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். முதலாவது வெறும் சேமிப்பு வட்டின் பிரச்சினை. இரண்டாவதற்கு விழித்திருக்கும் ஆள் வேண்டும். யாரும் பார்க்காத வரை அந்த 6 மணி நேரம் தொடங்காதே என்று எங்கள் கணக்குப் பிரிவு நண்பர் வேடிக்கையாகக் கேட்டார். உள்ளே நுழைந்தவன் அதுவரை கைகட்டிக்கொண்டு காத்திருப்பானா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஆள் கணக்குதான். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஓர் இருக்கையை எப்போதும் நிரப்பி வைக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, நோய், ஊர்த்திருவிழா எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். ஒரு திங்கட்கிழமை காலை பதிவுகளைத் திறந்தபோது, இயந்திரப் பராமரிப்புக்காக யாரோ திறந்துவிட்டு மூட மறந்த ஒரு ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும்) இணைப்பில், சனி இரவு முதல் ஞாயிறு காலை வரை ஆயிரக்கணக்கான கடவுச்சொல் முயற்சிகள் நடந்திருப்பதைக் கண்டேன். கடவுச்சொல் வலுவாக இருந்ததால் தப்பித்தோம். வாஸூ தன் கடமையைச் சரியாகச் செய்து மின்னஞ்சல்களும் அனுப்பியிருந்தது; ஆனால் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த எச்சரிக்கைகளின் சத்தத்தை நான்தான் கைபேசியில் அணைத்து வைத்திருந்தேன். தேவையற்ற எச்சரிக்கைகள் எழாதபடி விதிகளை வாராவாரம் திருத்த வேண்டும். பிரிண்டர் பழுதுக்கும் ஈஆர்பி (கணக்கு, சரக்கு, உற்பத்தி ஆகியவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருள்) புகாருக்கும் ஓடுகிற மூன்று பேருக்கு அதற்கு நேரமில்லை.

தாக்குபவர்களும் விடுமுறை பார்த்தே வருகிறார்கள். வங்கதேச மத்திய வங்கியின் பணத்தை மாற்றும் போலி உத்தரவுகள் 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவில் அனுப்பப்பட்டன. அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது.

ஆனால் ஒப்படைத்துவிட்டால் மட்டும் போதாது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி அட்டை எண்கள் திருடுபோனபோது, பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழு எச்சரிக்கையைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்திருந்தது. அங்கே உடனடி நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரைவிலும் "மின்னஞ்சலில் தெரிவிக்கப்படும்" என்று மட்டுமே இருந்தது. அலுவலகக் கணினிகளை எங்களைக் கேட்காமலே வலையமைப்பிலிருந்து துண்டிக்கலாம், ஈஆர்பி சர்வரையும் ஆலை இயந்திரங்களையும் தொடுவதற்கு முன் 15 நிமிடத்துக்குள் தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற வேண்டும் என்று அதை மாற்ற வைத்தோம். முதல் மாதத்திலேயே தவறான சந்தேகத்தில் சரக்கு அனுப்பும் பிரிவின் கணினியை இரவு ஒரு மணிக்குத் துண்டித்துவிட்டார்கள். லாரி முக்கால் மணி நேரம் காத்து நின்றது. ஆலை மேலாளருக்குக் கோபம். எனக்கோ, அந்த நேரத்தில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்பதில் ஆறுதல்.

சொந்தக் கண்காணிப்பு விஞ்சும் இடம் ஒன்று உண்டு. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கர் நள்ளிரவில் லாகின் செய்வார் என்பது எங்களுக்குத் தெரியும். வெளியாருக்கு அதைக் கற்றுக்கொடுக்க இரண்டு மாதங்கள் ஆயின. பழைய வாஸூ சர்வரையும் நாங்கள் அணைக்கவில்லை. பதிவுகளின் ஒரு பிரதி எங்களிடமே இருந்தால், நாளை நிறுவனத்தை மாற்றும்போது கையேந்தி நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இரவு ஷிப்ட் நடத்தும் பெரிய கணினிப் பிரிவு உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

இந்தப் பத்து மாதங்களில் உண்மையான ஊடுருவல் எதுவும் நிகழவில்லை. ஆகவே உண்மையான நெருக்கடியில் இவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு நான் உறுதி கூற முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, விடுமுறை நாளின் இரவொன்றில் முன்னறிவிப்பின்றிச் சோதனைத் தாக்குதல் நடத்திப் பார்க்கும் உரிமையை அதில் சேர்க்கக் கேட்கப்போகிறேன்.