எட்டு நாள் வாடகைக்கு ஒரு எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி

ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் படுகையில் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை, அதாவது கோர்களைப் பார்க்க இந்தக் கருவியை வாடகைக்கு எடுத்தேன். எக்ஸ்ரே பாய்ச்சி, பாறையில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்று சொல்லும் கைக்கருவி இது. பார்னி கிரீக் என்ற பாறைப் படிவம், சுமார் 164 கோடி வருஷத்துச் சமாச்சாரம். கறுத்த, மெல்லிய அடுக்குகள். துத்தநாகத் தாது அவ்வளவு பொடிசு, லென்ஸ் வைத்தாலும் கண்ணில் சிக்காது. கருவியை வைத்து 30 விநாடி அழுத்தினால் துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் எல்லாம் திரையில் வந்துவிடும். தாதுவுக்கு வெளியேயும், சுற்றியுள்ள டோலமைட்டில் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) மாங்கனீஸ் கூடியிருக்கும்; தாது பக்கத்தில் இருப்பதற்கு அது ஒரு தடயம். அந்த ஏற்றத்தைத் தேடித்தான் போனேன், கருவி ஏமாற்றவில்லை.

ஆனால் ஈயம் நிறைய உள்ள இடத்தில் ஆர்செனிக் கணக்கை நம்பாதீர்கள். இரண்டின் எக்ஸ்ரே கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். முதல் நாள் ஆர்செனிக் கணக்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்துவிட்டு சாயங்காலம் அசடு வழிந்தேன். மக்னீசியம் அளவும் சுமார்தான். கோர் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். கூடவே தந்த இரண்டாவது பேட்டரி மதியத்துக்குள் செத்தது, வாடகையில் பத்து பைசா குறைக்கவில்லை.

திரும்பவும் எடுப்பேன். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளை மட்டும் குறைக்க மாட்டேன்.