இலங்கை வானொலியா, கையில இருக்குற போனா?

போன ஞாயித்துக்கிழமை தாராவி 90 அடி ரோட்டுல டீ குடிச்சிக்கிட்டே நானும் ஊர்க் கூட்டாளியும் இதத்தான் பேசிட்டு இருந்தோம், ரெண்டு பேருமே தூத்துக்குடி பக்கம். அங்கல்லாம் அப்ப இலங்கை வானொலி அவ்வளவு தெளிவா கேக்கும், கடல தாண்டுனா கொழும்புதான. அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரல்ல பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பிச்சிட்டா அம்மா அம்மிக் குழவிய புடிச்சபடியே அரைக்காம உக்காந்துருவா, பேட்டரி வீக்கானா வெயில்ல காய வச்சி திரும்பப் போடுவோம், கொஞ்ச நேரம் பாடும்.

"ஏல, இப்ப நெனச்ச பாட்டு நெனச்ச நேரத்துல வருதுல்லா"ன்னான். வாஸ்தவம்தான். இந்த வருசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கெடைக்கல, ஊர்ப் பயலுவ யூடியூப்ல லைவ் போட்டானுவ, லோக்கல் ட்ரெயின்ல கம்பிய புடிச்சி நின்னுக்கிட்டே வில்லுப்பாட்டு கேட்டேன், சயான் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள கண்ணு கலங்கிருச்சி. இத ரேடியோ தந்துருக்காது.

ஆனா பாட்டுன்னு வந்தா எனக்கு ரேடியோதான், ஒரு பெட்டிய தெருவே சேந்து கேட்டுச்சி, இப்ப வீட்டுல நாலு பேருக்கு நாலு இயர்போன். அவன் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, இன்னொரு கட்டிங் சாய், அதான் அரை கிளாஸ் டீ, சொன்னான்.