கார்னெல் தாளா, அட்டைப் பெட்டியா, மனவரைபடமா?

மொரீஷியஸ் மாணவரின் நோட்டில் மூன்று மொழி குடியிருக்கும். பாடநூல் ஆங்கிலம், ஆசிரியரின் விளக்கம் பாதி கிரியோல் (தீவின் பேச்சுமொழி) பாதி பிரெஞ்சு, தமிழ் எடுத்தவருக்கு அதற்குமேல் ஒரு லிபி. எஸ்.சி., எச்.எஸ்.சி. என்னும் பள்ளித் தேர்வுகளை எழுதுவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்த நிலையில் குறிப்பெடுக்க எந்த முறை அழகு என்று பார்ப்பதைவிட, நோட்டை மூடிய பிறகும் எது நம்மைக் கேள்வி கேட்கிறது என்று பார்ப்பதே மேல்.

காரணம் உண்டு. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு சொன்னார்கள். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75தான். ஒரு வாரம் போனதும் கணக்கு தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. மஞ்சள் மார்க்கரால் பக்கத்தையே பூசிவிட்டு ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதும் அந்த ஐந்து நிமிட மயக்கம்தான்.

கார்னெல் முறையை அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பரப்பினார். A4 தாளில் இடப்பக்கம் 6 செ.மீ. விட்டு ஒரு கோடு, அடியில் 5 செ.மீ. விட்டு இன்னொன்று. வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். அன்று இரவே இடப்பக்கத்தில் கேள்விகள், அடியில் இரண்டு வரிச் சுருக்கம். பலர் சறுக்குவது இடப்பக்கத்தில். ‘கிராண்ட் போர்ட்’ என்று தலைப்பு மட்டும் எழுதிவைப்பார்கள். அது யாரையும் கேள்வி கேட்காது. ‘1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் வென்ற பிரெஞ்சுக்காரர், டிசம்பரில் தீவை இழந்தது ஏன்?’ என்று எழுதினால், வலப்பக்கத்தை அட்டையால் மூடிக்கொண்டு பதில் சொல்லியே ஆகவேண்டும்: ஆங்கிலேயர் பெரும்படையைத் திரட்டி வடகரையில் இறங்கினர், பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர். பக்கத்துக்கு ஐந்தாறு கேள்வி போதும். இடப்பக்கத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் கார்னெல் தாள் வெறும் கோடு போட்ட தாள். ஆசிரியர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அதற்குள் மறந்திருக்கும்.

மொழிச் சிக்கலுக்கும் இதில் வழி உண்டு. வலப்பக்கம் கிரியோலோ தமிழோ, எதில் புரிந்ததோ அதில் இருக்கட்டும். கேள்வியும் கலைச்சொற்களும் மட்டும் தேர்வு மொழியில் இருக்கட்டும். எல்லாவற்றையும் வகுப்பிலேயே ஆங்கிலமாக்க முயன்றால் கை முந்தும், காது பின்தங்கும்.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதிய அட்டைகளை அறை அறையாகப் பிரித்து வைப்பது லெய்ட்னர் பெட்டி. அதன் பலம் வேறு. காரணகாரியத்துக்கு ஏற்றதல்ல. ஆண்டு, சூத்திரம், அருஞ்சொற்பொருள் போன்ற சில்லறைக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. A4 தாளை மூன்று தடவை மடித்து வெட்டினால் எட்டு அட்டை, ஒவ்வொன்றும் சுமார் 7 × 10 செ.மீ. மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா வேண்டாம். பின்பக்க விடை முன்பக்கம் தெரிந்துவிடும். மூன்று அறை: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ஒரு அட்டையில் ஒரே விடை. ‘பிரெஞ்சு ஆட்சி’ என்று எழுதிப் பின்னால் ஆறு வரி வைத்தால், நான்கு வரி சொன்னது சரியா தவறா என்று நமக்கே தெரியாது. குழம்பும் ஜோடிகளைத் தனித்தனி அட்டையாக்குங்கள்: ஒப்பந்தத் தொழிலாளர் வரத் தொடங்கியது 1834, அடிமைமுறை ஒழிந்தது 1835. நாளைக்குப் பத்துப் புது அட்டைக்கு மேல் போகவேண்டாம். இருபது என்று தொடங்குபவர்களின் முதல் அறை இரண்டு வாரத்தில் நிரம்பி வழியும், பெட்டி அலமாரிக்குப் போகும்.

நடுவில் தலைப்பு வைத்துக் கிளை கிளையாக விரிக்கும் மனவரைபடத்தை நாங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். ஆறு நிறப் பேனாவோடு புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் அது ஓவியப் பாடம். கணக்குக்கும் கால வரிசைக்கும் அது ஒத்துவராது. புத்தகத்தை மூடிவிட்டுக் கறுப்பு மையில் பத்து நிமிடம் நினைவிலிருந்து வரைந்து, பிறகு திறந்து விடுபட்டதைச் சிவப்பில் சேர்த்தால் மட்டும் அதற்கு மதிப்பு உண்டு. அந்தச் சிவப்புதான் நாளைய பாடம்.

மடிக்கணினியில் தட்டச்சுவது வேகம். அந்த வேகமே வினை, சொன்னது சொன்னபடியே பதிவாகிவிடும். 2014இல் ஒரு ஆய்வு கையெழுத்தே மேல் என்றது, பின்னர் வந்தவை அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. தட்டச்சினாலும் இடப்பக்கக் கேள்வியை விடாதீர்கள்.

தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தால் நோட்டைத் திருத்தி எழுத உட்காராதீர்கள். கார்னெல் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டு முறை தவறியதை மட்டும் அட்டைக்கு மாற்றுங்கள். முழு நோட்டில் அது நாற்பது அட்டையைத் தாண்டினால், வகுப்பில் புரியாமலே எழுதிய பக்கம் எது என்று தேடி, முதலில் அந்தப் பாடத்தை ஆசிரியரிடம் கேளுங்கள்.