ஸ்காட்லாந்து வம்சாவளி தேடித் தருவோரிடம் பணம் கட்டுமுன்

என் மருமகளின் தாய்வழி முன்னோர் ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயரின் கிர்க்மைக்கேல் பங்கைச் (தேவாலய வட்டாரத்தைச்) சேர்ந்தவர்கள். அவர்களுடைய வம்சாவளியைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஓர் ஆய்வாளரிடம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினோம். பல மாதங்கள் கழித்து அவர் அனுப்பிய அழகிய அச்சுப் பிரதியில், அம்முன்னோரில் ஒருவருடையது என்று 1846-ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பதிவு ஒன்று இருந்தது. ஆனால் அது ஏர்ஷயரில் உள்ள கிர்க்மைக்கேலின் பதிவு. பான்ஃப்ஷயரிலும் டம்ஃப்ரீஸ்ஷயரிலும்கூட இதே பெயரில் பங்குகள் உண்டு. நாங்கள் கொடுத்திருந்த 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகலிலோ, பிறந்த பங்கும் கவுண்டியும் (பெர்த்ஷயர் போன்ற மாவட்டம்) தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன.

விளக்கம் கேட்டோம். பெர்த்ஷயர் ஏட்டில் அக்குழந்தை இல்லை, எனவே குடும்பம் ஏர்ஷயரிலிருந்து குடிபெயர்ந்திருக்க வேண்டும் என்றார். அவர் புரட்டியதோ அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேட்டை மட்டுமே. 1843-இல் அத்திருச்சபை பிளவுபட்டபோது நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். அவர்களோடு சென்ற குடும்பங்களின் ஞானஸ்நானங்களைப் பழைய பங்கின் ஏட்டில் எதிர்பார்ப்பதற்கில்லை. 1733-லும் 1761-லும் பிரிந்துபோன சபையாரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. 1855 ஜனவரி 1 அன்று பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியும் கட்டாயக் குடிமைப் பதிவு தொடங்கும்வரை, பங்கு ஏட்டில் பெயர் இல்லாதது அங்கே பிறக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. வழிபாட்டுக்காக மட்டும் பிரிக்கப்பட்ட ‘குவோட் சாக்ரா’ பங்குகள் வேறு இருப்பதால், ஒரே வீடு திருச்சபைக் கணக்கில் ஒரு பங்கிலும் குடிமைக் கணக்கில் இன்னொரு பங்கிலும் இருக்கக்கூடும்.

இதில் எனக்குப் பொறுக்காதது, விடை அவர் கையிலேயே இருந்தது என்பதுதான். நாங்கள் அனுப்பிய, அதே முன்னோரின் 1868-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில், சுதந்திரத் திருச்சபை முறைப்படி மணம் நடந்ததாக எழுதியிருக்கிறது. தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயரும் அதில் இருக்கிறது, அது ஏர்ஷயர்ப் பதிவில் உள்ள பெயரோடு பொருந்தவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கட்டணம் தேடிய நேரத்துக்கே அன்றி முடிவுக்கு அல்ல என்று பதில் வந்தது.

எந்தக் கவுண்டியில், எந்தெந்தத் திருச்சபைகளின் ஏடுகளைப் பார்ப்பார்கள் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பிரதியை ஏற்காமல், மூலப் பக்கத்தின் படத்தையே கேளுங்கள். ‘ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்’ என்னும் அரசுத் தளத்தில் பெயர் அட்டவணையை நீங்களே இலவசமாகத் தேடலாம். சுதந்திரத் திருச்சபை போன்ற பிற பிரஸ்பிட்டேரியன் சபைகளின் பதிவுகளுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு.