அரிசி ஆலைக் குட்டி: நாட்டுப் பூனையோடு சில வருடங்கள்

நிறத்தைப் பார்த்துப் பூனைக்குட்டி எடுப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது தாயை.

எங்கள் வீட்டுப் பூனை மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பிறந்தது. ஜாதியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆலையில் அப்போது இரண்டு ஈத்துக் குட்டிகள் இருந்தன. ஒரு தாய், ஆளைக் கண்டாலே சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் உறுமியது. இன்னொன்று காவல்காரர் காலை உரசிக்கொண்டு நின்றது. அதன் குட்டிகளைத்தான் பார்த்தோம். தகப்பன் பூனையின் துணிச்சலும் குட்டிக்கு வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நம்மூரில் அந்தக் கடுவன் எது என்று எந்தப் பூனை சொல்லப் போகிறது!

பிறந்து 2 வாரம் முதல் 7 வாரம் வரைதான் குட்டி மனிதரோடு எளிதாகப் பழகும் பருவம். அந்த நாட்களில் நாலு பேர் கைபட்டு வளராத குட்டியை அப்புறம் பழக்குவது பெரும்பாடு. இந்த ஈத்தை, நெல் காயப்போட வரும் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் மடியில் போட்டுக் கொஞ்சியிருந்தார்கள். மோட்டார் சத்தம் வேறு ஓயாது. அதன் பலனை இன்றும் பார்க்கிறோம்: மிக்ஸி, குக்கர் விசில், வாசலில் டிராக்டர், எதற்கும் அசையாது. தீபாவளி வெடிக்கு மட்டும் பீரோவுக்கு அடியில் போய்விடும்.

குட்டிகளுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் துள்ளி ஓடின. சாம்பல் வரிக் குட்டி மட்டும் உடனே திரும்பி வந்து மோந்து பார்த்தது. கையில் எடுத்ததும் விறைத்து, கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தளர்த்திவிட்டது. கூடப் பிறந்த மூவண்ணக் குட்டி அழகுதான் (மூவண்ணம் என்றால் அநேகமாகப் பெட்டைதான்). ஆனால் கண்ணில் பீளை, ஓயாத தும்மல், காதுக்குள் காப்பித்தூள் போல் கருப்பு அழுக்கு. காதில் செள்ளு இருந்தால் அப்படித்தான் இருக்கும். வைத்தியம் செய்தால் சரியாகிவிடும், அதற்கு மனமும் நேரமும் உள்ளவர்கள் எடுக்கலாம்.

எங்கள் குட்டிக்கு வயிறு மட்டும் உப்பியிருந்தது, பூச்சி. மருந்து கொடுத்ததும் வடிந்தது. ஈறு வெளுக்கவில்லை, வாலடி சுத்தம். "இப்பவே தூக்கிட்டுப் போங்க" என்றார்கள். 8 வாரம் முடியும்வரை தாயிடமே விட்டுவைத்தோம். வலிக்காமல் கடித்து விளையாடக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். எடுக்கும்போது ஆலைத் தராசில் 800 கிராமுக்கு மேல் இருந்தது. அந்த வயதுக்கு நல்ல எடை.

தடுப்பூசிக்குத்தான் அலைச்சல். டெல்டாவில் கால்நடை மருத்துவர் என்றாலே மாடு, ஆடு, கோழி. பூனைக்கான ஊசி எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வசதி. 8 வாரத்தில் முதல் ஊசி, 3, 4 வார இடைவெளியில் அடுத்தவை, 12 வாரம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. கருத்தடையை 6 மாதத்துக்குள் முடித்தோம். பெட்டைக்குட்டி 4, 5 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், தள்ளிப்போட்டால் வீட்டில் ஓர் ஈத்து நிச்சயம்.

சாப்பாட்டில் அம்மாவோடு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. தயிர்சாதம் போதும் என்பது அவர் கட்சி. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். முள் எடுத்து வேகவைத்த மீன், கோழி ஈரல் கொஞ்சம், பாக்கெட் தீனி என்று ஓடுகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

குறைகளும் உண்டு. சோபா ஓரம் பிய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் கொல்லைக்குப் போகாது. டிரேயில் உமி பரப்பி வைத்தால், காலில் ஒட்டி வீடெல்லாம் உமி. எலி பிடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடிக்கும். தின்னாமல் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து போடும்.

பயமெல்லாம் வயலில் எலி மருந்து வைக்கும் நாட்களில்தான். புரோமடியலோன் தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் உள்ளே ரத்தம் கசியும், அறிகுறி தெரிய இரண்டு மூன்று நாளாகும். அந்த வாரங்களில் அதை வெளியே விடுவதில்லை. எலியைத் தின்றதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். வைட்டமின் கே கொடுத்தால் காப்பாற்றலாம்.