வளவு வெளிச்சமும் மூன்று லென்ஸ்களும்: நான்கு ஆண்டு அனுபவம்

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் பத்தியும் உள்ள பகுதியில், நின்று படமெடுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெளிச்சம் எவ்வளவு பாடுபடுத்தும் என்று. முற்றத்துக்கு மேலே திறந்த வானம். நாலடி தள்ளிப் பத்தியில் இருட்டு. பர்மா தேக்குத் தூண்கள் வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஆத்தங்குடித் தரையும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கிய சுவரும் அதைத் திருப்பி அடிக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் காலை பதினோரு மணிக்கு அளந்து பார்த்தேன். முற்றத்துக்கும் உள்சுவருக்கும் ஆறு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் ஆறு முறை இரட்டிப்பாகும் அளவு, இருந்தது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பதிவு செய்வது என் வேலை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். வீட்டைப் பங்கு பிரிக்கவோ இடிக்கவோ முடிவானதும், “ஒரு தடவை முழுசா எடுத்துக் கொடுங்க தம்பி” என்று யாராவது கூப்பிடுவார்கள். அப்படி நான் எடுத்த வீடுகளில் மூன்று இன்று இல்லை. அவற்றில் ஒன்றின் நிலைக்கதவை முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அதனால் எந்த லென்ஸில் எடுப்பது என்பது எனக்குப் பெரிய விஷயம். திரும்பப் போய் எடுக்க வீடு இருக்காது.

கேமரா நிக்கான் இசட் 5. ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். அதில் நான் நிறைய பயன்படுத்தியவை மூன்று லென்ஸ்கள்: நிக்கானின் சிறிய 40 மிமீ எஃப்/2, ஃபோக்ட்லேண்டரின் நோக்டன் கிளாசிக் 35 மிமீ எஃப்/1.4, சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2. முதலாவது இன்றைய வடிவமைப்பு, இரண்டாவது பழையதை மனதில் வைத்துப் புதிதாகச் செய்தது, மூன்றாவது உண்மையிலேயே பழையது. மிமீ எண் குறையக் குறையக் காட்சி அகலும்; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகி வெளிச்சம் கூடும். மூன்றும் பிரைம் லென்ஸ்கள், அதாவது ஜூம் கிடையாது. நெருங்கணும் என்றால் நாம்தான் நடக்கணும்.

40 மிமீ லென்ஸை 2022 தொடக்கத்தில் வாங்கினேன். எடை 170 கிராம். முதலில் கையில் எடுத்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. கேமராவில் மாட்டும் மவுண்ட் பிளாஸ்டிக், வெயில் மறைக்கும் ஹூட் தரவில்லை, இருப்பது ஒரே வளையம், அதுவும் மின்சாரத்தில் இயங்குவது. தூரக்கோடுகள் எதுவும் இல்லாததால் கண்ணால் பார்த்து ஃபோகஸை நிறுத்தி வைக்க முடியாது. நான்கு ஆண்டு ஆகிவிட்டது, அந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. ஆனால் பிளாஸ்டிக் மவுண்ட் பற்றிய பயம் போய்விட்டது. செம்மண் புழுதியிலும் மொட்டைமாடி வெயிலிலும் இத்தனை காலம் கழற்றி மாட்டியும் ஆட்டம் காணவில்லை.

இந்த லென்ஸில் நான் போகப்போகத்தான் கவனித்த ஒன்று உண்டு. உள்ளே நான்கு குழுக்களில் ஆறு கண்ணாடிகள். ஹீலியோஸிலும் அதே எண்ணிக்கைதான். நிக்கானில் அவற்றில் இரண்டு ஆஸ்ஃபெரிக்கல், அதாவது மேற்பரப்பு முழுவட்ட வளைவிலிருந்து விலகியவை. இன்றைய பெரிய லென்ஸ்களில் பதினைந்துக்கும் மேல் கண்ணாடி வைத்து எல்லாப் பிழைகளையும் துடைத்துவிடுகிறார்கள். இதில் கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கிறார்கள். 29 செமீ வரை நெருங்கி எஃப்/2-இல் எடுத்தால் படத்தின் மேல் மெல்லிய பால்படலம் போல ஒரு மென்மை வரும். எஃப்/2.8-க்கு வந்தால் அது மறைந்துவிடும். கொட்டான் என்ற பனையோலைக் கூடை பின்னும் ஒரு ஆச்சியின் விரல்களை இப்படித்தான் எடுத்தேன். சாயம் ஏற்றிய ஓலையின் நிறம் அப்படியே நின்றது, விரல் சுருக்கங்கள் கடுமையாக விழவில்லை. படத்தைப் பார்த்த ஆச்சி, “என் கையா இது? எங்க ஆத்தா கை மாதிரியில்ல இருக்கு” என்றார்கள். ரொம்ப நேரம் ஸ்கிரீனைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

வீட்டைப் பதிவு செய்ய நான் நம்புவது இதைத்தான். முக்காலியில் வைத்து எஃப்/8-இல் எடுத்தால் தூண் தூணாக நிற்கும். லென்ஸில் இருக்கும் சிறு வளைவைக் கேமராவே திருத்திக்கொள்கிறது. நாற்பது என்பது சிலருக்கு அரைகுறை அளவாகத் தெரியும், 35-உம் இல்லை 50-உம் இல்லை என்று. பார்வைக்கோணம் சுமார் 57 பாகை. நீண்ட வளவின் இந்தக் கோடியில் நின்றால் எதிர்க்கோடிக் கதவு வரை இயல்பான அளவில் தெரிகிறது. 24 மிமீ வைத்தால் எல்லா வீடும் அரண்மனையாகிவிடும், பங்காளிகளுக்குக்கூடத் தங்கள் வீடு என்று தெரியாது. முகப்பு முழுவதும் உள்ளே வராதபோது மட்டும் மனதில்லாமல் அகல லென்ஸ் மாட்டுவேன்.

நோக்டன் விஷயத்துக்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1961-இல் சும்மிலக்ஸ் 35 மிமீ எஃப்/1.4 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முழுத்துளையில் வெளிச்சம் லேசாகக் கசியும், ஓரங்கள் கரையும். அந்த இயல்புக்காகவே அதைத் தேடுபவர்கள் பெருகி, 2022-இல் லைக்காவே அதை மறுபதிப்பாகச் செய்தது. அதன் விலை நம் கணக்கில் வராது. ஃபோக்ட்லேண்டர் என்ற பழைய பெயரில் 1999 முதல் லென்ஸ் செய்துவரும் ஜப்பானின் கொசினா, அதே உணர்வோடு நோக்டன் கிளாசிக்கை முன்பே செய்திருந்தது. நான் வைத்திருப்பது அதன் இரண்டாம் பதிப்பு. இதில் இரண்டு வகை உண்டு: கண்ணாடிக்குப் பல அடுக்குப் பூச்சு, ஒற்றைப் பூச்சு. நான் ஒற்றைப் பூச்சை எடுத்தேன். விலை 40 மிமீயைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஏன் வேண்டுமென்றே குறைந்த பூச்சு? பூச்சு கண்ணாடிப் பரப்புகளில் வெளிச்சம் எதிரொளிப்பதைக் குறைக்கிறது. பூச்சு குறைந்தால் உள்ளே வெளிச்சம் அலைந்து படம் முழுக்க மெல்லிய திரைபோல் பரவும். கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமான முரண் குறையும். பத்தியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் முற்றத்து வெளிச்சம் நேராக வரும்போது இந்தத் திரை வேலை செய்கிறது. இதனால் நிழலுக்குள் இல்லாத விவரம் புதிதாக வந்துவிடாது, அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கிடைப்பது வேறு. அந்த இடத்தில் உட்கார்ந்து கண் கூசப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அந்த உணர்வு. 40 மிமீயில் அதே காட்சி தூணைத் தூணாகவும் இருட்டை இருட்டாகவும் பிரித்துவிடும். நோக்டனில் வெளிச்சம் தூணின் விளிம்பைத் தாண்டி வழியும். மாலையில் முகப்பின் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே இந்த லென்ஸை வைத்துக்கொள்ளலாம்.

குறைகளும் சின்னவை இல்லை. நேர்கோடுகள் வெளிப்பக்கம் பீப்பாய் போல வளைகின்றன. தூண்வரிசையும் உத்தரமும் இருக்கும் வீட்டில் இதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. மென்பொருளில் கையால் நிமிர்த்த வேண்டியிருக்கிறது. ஓரங்களும் நிக்கானில் கூடுதலாகக் கலங்குகின்றன. காரணம், இது லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் செய்தது. இதன் பின்பக்கம் படம் பதியும் சென்சாருக்கு மிக அருகில் வரும், ஓரத்துக்குப் போகும் ஒளி மிகச் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு முன்னால் எதுவும் கிடையாது, சென்சாருக்கு முன்னால் கண்ணாடித் தகடு உண்டு. சாய்ந்து வரும் ஒளி அந்தத் தகட்டைக் கடக்கும்போது கலங்கிவிடுகிறது. எஃப்/5.6 வரை மூடினால் பெரும்பாலும் சரியாகும். அப்புறம், லென்ஸ் 70 செமீக்குக் கிட்டே நெருங்காது. நீளும் அடாப்டர் (வேறு மவுண்ட் லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம்) வாங்கி அதைச் சமாளித்தேன்.

அடாப்டர் பற்றித் தனியாகச் சொல்லணும், நிறையப் பேர் இங்கேதான் காசை விடுகிறார்கள். லைக்கா எம் மவுண்ட் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் 27.8 மிமீ இடைவெளி வேண்டும். நிக்கான் இசட்டில் இருப்பது 16. ஆக அடாப்டரின் தடிமன் 11.8 மிமீ. இதில் கால் மிமீ கூடினாலும் தூரத்துப் பொருள் தெளியவே தெளியாது. நான் முதலில் மலிவாக வாங்கிய ஒன்றில் இதுதான் நடந்தது. குன்றக்குடி மலைக்கோயிலை அடிவாரத்துக்கு வெகு தூரத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லென்ஸ்தான் கோளாறு என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. புதிய அடாப்டர் வந்ததும் முதல் நாளே மொட்டைமாடியில் நின்று தூரத்துக் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

நோக்டனால் எனக்கு நடந்த ஒரு இழப்பையும் மறைக்க விரும்பவில்லை. பள்ளத்தூரில் ஒரு அறுபதாம் கலியாணம். கலச நீரைத் தலையில் ஊற்றும்போது அந்த ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எஃப்/1.4, கையால் ஃபோகஸ். என் படத்தில் ஃபோகஸ் பின்னால் நின்ற பேத்தியின் தோள்மேல் விழுந்திருந்தது. அன்றிலிருந்து விசேஷ வீட்டில் மனிதர்களை எடுக்க 40 மிமீயின் கண் தேடும் ஆட்டோ ஃபோகஸ் மட்டும்தான். நோக்டன் காலியான வீட்டுக்கும், அசையாமல் உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்கும்.

ஹீலியோஸ் 44-2 போருக்கு முன் ஜெர்மனியில் ஜெனா நகரத்து ஸைஸ் நிறுவனம் செய்த 58 மிமீ பயோட்டார் லென்ஸின் வழிவந்தது. சோவியத்தில் ஜெனிட் கேமராக்களோடு ஏராளமாகச் செய்தார்கள். பின்னணி சுழல்வது போல் தெரியும் என்பதுதான் அதன் புகழ். நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளிகளை, ஓரத்தில் லென்ஸின் குழாயே மறைத்துப் பூனைக்கண் வடிவமாக்கிவிடும். அவை எல்லாம் நடுவைச் சுற்றி அணிவகுப்பதால் சுழற்சி தெரிகிறது. முதலில் வாங்கியது பூஞ்சையோடு வந்தது. “புதுசு மாதிரி” என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாவது நன்றாக இருந்தது. பழைய லென்ஸ் வாங்கும்போது முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள், சிலந்திவலை போல ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வளவுக்குள் இதைக் கொண்டுபோவதை நான் நிறுத்திவிட்டேன். பின்னால் செதுக்கிய நிலைக்கதவு, கீழே பூப்போட்ட ஆத்தங்குடித் தரை, மேலே வர்ணம் தீட்டிய மச்சு. இத்தனை வேலைப்பாட்டையும் லென்ஸ் பிடித்துச் சுழற்றினால் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தச்சர் செய்த வேலை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் இன்னொரு வேலைப்பாடு எதற்கு? இதே லென்ஸை ஊருணிக் கரைக்கு எடுத்துப் போனால் கதை வேறு. இலை நடுவே வெயில் பொத்தல் பொத்தலாக விழும் மரத்தடியில், ஆளிலிருந்து மரம் நன்றாகத் தள்ளி இருக்கும்படி நிறுத்தி, எஃப்/2-இல் எடுங்கள். அந்த அழகுக்கு ஈடாக என்னிடம் வேறு லென்ஸ் இல்லை.

நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்த இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்டிசான் 100 மிமீ எஃப்/2.8, பழைய ஜெர்மன் லென்ஸான டிரையோப்ளானைப் போல மூன்றே கண்ணாடிகளால் ஆனது. ஒளிப்புள்ளிகளைச் சோப்புக்குமிழி போல விளிம்போடு காட்டும். கார்த்திகைத் தீபத்தன்று திண்ணை விளக்கு வரிசையை எடுத்தேன், அருமையாக வந்தது. மறுநாளிலிருந்து மாட்டத் தோன்றவில்லை. நிக்கான் 26 மிமீ எஃப்/2.8 தட்டையாக 125 கிராமில் இருக்கிறது. இரண்டாங்கட்டு, அடுப்படி போன்ற இடுக்கமான இடங்களுக்கு நல்லது. ஃபோகஸ் செய்யும்போது சத்தம் வருகிறது, வீடியோ எடுப்பவர்கள் கவனிக்கவும்.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கப் போகிறவர் கேட்டால் தயங்காமல் 40 மிமீ என்பேன். நோக்டனை முதல் லென்ஸாக வாங்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம் சாதாரண லென்ஸில் எடுத்து, இந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் வழிந்திருக்கலாமே என்று நீங்களே ஏங்கிய பிறகு வாங்குங்கள். விலை உறைக்காது.

பராமரிப்பில் ஒன்று முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய வீட்டு அறைகளில் ஈரம் தங்கும். மூன்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். தோல் உறையில் வைப்பதில்லை, பூஞ்சைக்கு அது பிடித்த இடம். வாரம் ஒருமுறையாவது எடுத்து ஜன்னலோரம் நான்கு படம் எடுத்துவிட்டு வைப்பேன்.

வருகிற மாதம் தேவகோட்டையில் ஒரு வீடு. தை பிறந்ததும் இடிக்கிறார்கள். முதல் இரண்டு நாள் முக்காலியும் 40 மிமீயும். மூன்றாம் நாள் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஆச்சி சென்னையிலிருந்து வருகிறார்கள், பத்தியில் தன் பழைய இடத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நோக்டன், பத்து மணி வெயிலுக்கு முன்.